சேமித்தது ரூ. 412

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் 412 ரூபாய் சேமித்தேன். நானாகச் சொல்லவில்லை. பில்லின் அடியில், நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே, கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தான்: 'இன்று நீங்கள் சேமித்தது ரூ. 412.' வீட்டிலிருந்து கிளம்பும்போது வாங்க வேண்டியவை இரண்டே: துவரம்பருப்பு, டீத்தூள். திரும்பும்போது மூட்டை கனத்து ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. பில் தொகை 3,860 ரூபாய்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை கூர்மையாகிவிட்டது; வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பில்லை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கையை நீட்டினாள்.

"என்னம்மா?"

"நானூத்திப் பன்னண்டு ரூவா மிச்சம்னு போட்டிருக்கானே. குடு, ஜாடியில போட்டு வைக்கிறேன்."

"அது கையில வர்ற பணம் இல்லம்மா. எம்.ஆர்.பி.யைவிடக் கொறைச்சுக் குடுத்திருக்கான். அந்த வித்தியாசம்."

"சரி. அந்த வித்தியாசம் இப்ப எங்க இருக்கு?"

பருப்பை டப்பாவில் கொட்டுகிற வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்த ஜாடியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் ரயில் ஜங்ஷனாக அறிவார்கள். பக்தர்களுக்கு அது திருமுதுகுன்றம். எங்களுக்குப் பீங்கான் ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைத் தோண்டியபோது வெள்ளைக் களிமண்ணும் வந்தது. அந்த மண்ணை நம்பி இங்கே செராமிக் தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் படிப்புச் சொல்லித்தரக் கல்லூரியும் வந்தது. ஜாடி, கப், பொம்மை, கார்த்திகை அகல், மின்கம்பத்து இன்சுலேட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக பியூஸ் கேரியர். தமிழ்நாட்டில் பியூஸ் போன எத்தனையோ வீடுகளில், இருட்டில் நாற்காலி போட்டு ஏறி, பயந்துகொண்டே பிடுங்கிய அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை எங்கள் ஊரில் வெந்ததாக இருந்திருக்கும்.

அப்பா தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளை பார்த்தார். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்சுவரில் களிமண் தோல்போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, காயவைத்து, கிளேஸில் முக்கிச் சூளையில் அடுக்கினால், 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகும். பச்சையில் இருந்த அளவு வெந்த பின் இருக்காது. பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கிவிடும். அப்பாவின் சம்பளமும் தொழிற்பேட்டையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஏறத்தாழ அந்த அளவுதான் சுருங்கியது என்பாள் அம்மா. வழியில் ஒரு டீக்கடையும் ஒரு சீட்டுக் கச்சேரியும் இருந்தன.

சுருங்கும்போது கோணிப் போனது, கிளேஸில் ஊசிமுனைத் துளை விழுந்தது, விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடியது எல்லாம் செகண்ட்ஸ். எங்கள் வீட்டுச் சாமான் மொத்தமும் செகண்ட்ஸ்தான். ஒரே மாதிரி இரண்டு கப் நாங்கள் பார்த்ததில்லை. ஒன்றுக்குக் காது சாய்ந்திருக்கும். இன்னொன்று தரையில் வைத்தால் சின்னதாக ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். வந்த விருந்தாளியின் தராதரத்தைப் பொறுத்து ஆடாத கப் கிடைக்கும். கழித்துப் போட்ட பியூஸ் கேரியர்கள் எனக்கு ரயில் பெட்டிகள். அம்மாவுக்குப் புடலங்காய்க் கல். கொல்லைப் பந்தலில் புடலை பிஞ்சுவிட்டதும் அதன் நுனியில் ஒரு பியூஸ் கேரியரைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். காய் சுருளாமல் நேராக இறங்கும். பந்தலுக்குக் கீழே நடந்தால் தலையில் மின்வாரியம் இடிக்கும்.

ஜாடியும் அப்படி வந்ததுதான். அடிப்பாகம் சந்தன நிறம், தோளுக்கு மேல் பழுப்பு. இரண்டு படி கொள்ளும். மூடி கோணல். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் அரை விரல் தூக்கிக்கொண்டு நிற்கும். எலுமிச்சங்காய் போட்டுப் பார்த்தாள், பூசணம் பிடித்தது. ஊறுகாய்க்கு ஆகாதது உண்டியலுக்கு ஆயிற்று: மூடியைத் திறக்காமலே அந்தச் சந்து வழியாகக் காசைப் போடலாம். சமையலறைப் பரணில் கடுகு மூட்டைக்குப் பின்னால் அது இருந்தது. அதற்குள் இருந்த பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர். புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டி சேர்ப்பது. தெரிந்தும் தெரியாததுபோல் புருஷன் இருப்பது.

சிறுவாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் அம்மாவின் கலை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் கடைவீதி மளிகைக் கடைக்குச் சிட்டை போகும். து.ப. 2, உ.ப. 1, மி.வ. ½, கூ.பெ. ஒரு டப்பி. பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் எழுதுவாள். கல்யாணம் இல்லாத மாதங்களில் கருமாதிப் பத்திரிகை. "ஒரு பக்கந்தான் வெத்தா இருக்கு, மறுபக்கம் பூரா மாமன் மச்சான் பேரா அடிச்சு வச்சிருக்கானுவ" என்று அச்சகத்தைத் திட்டுவாள். சாமான் வந்ததும் தராசு இல்லாமலே கையில் தூக்கிப் பார்த்து, கடைப்பையனிடம், "பருப்பு அம்பது கிராம் கொறையுது, போய்க் கேட்டு வா" என்று திருப்பி அனுப்புவாள். அம்பது கிராம் வரும். குறைந்ததா, அம்மாவுக்குப் பயந்து தந்தார்களா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்.

பொட்டலம் பிரிக்கும்போது நூலை அறுக்கக் கூடாது. முடிச்சை அவிழ்த்து உருண்டையில் சுற்ற வேண்டும். பேப்பரை நீவி மடித்து வைக்க வேண்டும். எடைக்குப் போடுவதற்குமுன் நான் படித்துவிடுவேன். எம்.ஜி.ஆர். முதலமைச்சரான செய்தியைச் சீரகப் பொட்டலத்தில்தான் படித்தேன், தலைப்பு இல்லாமல். துணி சோப்பு நீளப் பாராக வரும். அதே நூலை இரு கையிலும் இழுத்துப் பிடித்து அறுத்து, வில்லைகளை மொட்டை மாடியில் ஒரு வாரம் காயப்போடுவாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. உலையில் போடும் அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அந்தப் பிடி அரிசி இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் எங்களைக் காப்பாற்றியது. தப்பிப் பிழைத்த மாதங்களில் அது எதிர்வீட்டுக்கு விற்கப்பட்டு ஜாடிக்குள் போனது.

எண்ணெய்க்குப் பாட்டி ஊர் மல்லாட்டை. வேர்க்கடலை என்று சொன்னால் பாட்டிக்குப் புரியாது. மணிலாவிலிருந்து வந்த கொட்டையை எங்கள் தென்னார்க்காட்டு வாய் மல்லாட்டையாக்கியது. இந்த ஊர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கே வி.ஆர்.ஐ. என்று ஊரின் எழுத்து. மாசி, பங்குனியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பக்கம் போனால் தும்மாமல் வர முடியாது. அறுவடை முடிந்த கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய காய்களைக் களைக்கொட்டால் கிளறி நாங்கள் பொறுக்கி வருவோம். செக்கில் கொடுத்தால் எண்ணெய் நமக்கு, புண்ணாக்கு பாட்டியின் மாட்டுக்கு. செக்கின் அருமை தெரியாமல் பாக்கெட் எண்ணெய்க்கு ஏங்கினேன். இப்போது அதே எண்ணெயை 'மரச்செக்கு' என்று மாட்டின் படம் போட்ட கண்ணாடி பாட்டிலில், பாக்கெட்டைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன். எண்ணெயைத் தொட்டு வந்த மிச்சம் எதுவும் அந்தப் பில்லில் இல்லை.

சேமிப்பு என்று வந்தால் எங்கள் ஊருக்கு ஒரு பெரிய கணக்கே இருக்கிறது. சுந்தரர் இங்கே வந்து பாடி, பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். மனைவி பரவையாரின் வீட்டுச் செலவுக்கு. அவ்வளவு பொன்னையும் திருவாரூருக்குத் தூக்கிப் போவது எப்படி? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போ, ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்றது இறைவன் வாக்கு. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று ஊர் உலகம் ஏளனமாகச் சொல்வது எங்கள் ஆற்றில் நடந்த காரியம். ஏளனம் செய்பவர்கள் பாதிக் கதைதான் படித்திருக்கிறார்கள். ஆற்றில் போடுமுன் சுந்தரர் பொன்னில் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்று அதற்குப் பெயர். குளத்தில் எடுத்ததும் அந்தத் துண்டோடு உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. விடவில்லை, மறுபடி பாடினார், மாற்றுச் சரியாயிற்று. சாமியிடம் கட்டிய பணமானாலும் கையில் அத்தாட்சி வேண்டும் என்பதற்குச் சேக்கிழாரே சாட்சி.

அம்மாவுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான். கடைச் சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பாள். ஒவ்வொரு மாதமும் பற்று நோட்டை நேர் செய்யும்போது அந்தக் கம்பி கடைக்கு வரும்.

இதற்கு நடுவே உலகம் சின்னச் சின்ன பாக்கெட்டாக மாறியது. அதையும் எங்கள் மாவட்டத்துக்காரர்களே செய்தார்கள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைக்க முடியும் என்று காட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு பிரிந்து வந்து, அப்பா பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிக்' ஷாம்பூ போட்டார். அதுவரை எங்கள் வீட்டில் தலைக்குச் சீயக்காய்தான். காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு புது உறை இலவசம் என்று ஒரு காலத்தில் அறிவித்தார்கள். எந்தக் கம்பெனி உறையானாலும் செல்லும். அம்மாவின் கண்ணில் ஒளி வந்தது. வெள்ளிக்கிழமை ஆற்றில் குளித்துவிட்டுப் பெண்கள் எறிந்து போன உறைகளை மணலிலிருந்து நான் பொறுக்கி வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுந்தரர் பொன்னைப் போட்ட ஆற்றில் நான் ஷாம்பூ உறை தேடினேன். எனக்குக் கிடைத்தது.

ஒரு உறையை அம்மா இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்வாள். பாதியைப் பிழிந்து, வாயை மடித்து, துணிக்கிளிப் போட்டு, கொடியில் மாட்டிவிடுவாள். என் மனைவி வந்த பிறகு பெரிய பாட்டில் வாங்கினோம். பெரிசாக வாங்கினால் லாபம் என்று. ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் மில்லி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய் உறைதான் சல்லிசு. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் மறுபடி துணிக்கிளிப் தொங்கும்.

ரேஷனைப் பற்றி எழுதப் புகுந்தால் இது முடியாது. மண்ணெண்ணெய் கேனைத் தனக்குப் பதிலாக வரிசையில் நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த தலைமுறை நாங்கள். 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆன அரிசி, 2011 ஜூனில் விலையில்லாமலே ஆகிவிட்டது. பிடி அரிசிப் பானை அப்போதே பரணுக்குப் போயிற்று. ரேஷன் அரிசியை நாங்கள் இட்லிக்கு வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குகிறோம். அந்தப் பொன்னியில்தான் என் வாழ்க்கையின் ஆகப் பெரிய சேமிப்பு நடந்தது.

2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றார்கள். அதற்கு மேல் எடையிருந்தால் வரி இல்லை. கொஞ்ச நாளில் அரிசிக் கடையில் மூட்டையின் மேல் 26 கிலோ என்று அச்சாகி வந்தது. இந்த நாட்டின் மூளைத்திறனுக்கு நான் கண்ட சிறந்த நினைவுச்சின்னம் அந்த 26. கடைக்காரர் கூட்டிக் கழித்துக் காட்டினார்: கிலோ 60 ரூபாய் என்றால் 25 கிலோ 1,500, வரி 75, ஆக 1,575. அதுவே 26 கிலோ 1,560. "பதினஞ்சு ரூவா கம்மியாக் குடுத்துட்டு ஒரு கிலோ அரிசி அதிகமா எடுத்துட்டுப் போறீங்க சார்." மறுக்க முடியாத கணக்கு. தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாம் படியில் ஏறும்போது அந்த இருபத்தாறாவது கிலோ இடுப்பில் பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டருக்கு 400, மாத்திரைக்கு 260. அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே, "கொசுறு வாங்கினா கையில வாங்கணும், முதுகுல வாங்கக் கூடாது" என்றாள்.

ஜாடி ஒரே ஒரு தடவைதான் எல்லார் முன்னாலும் கவிழ்க்கப்பட்டது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் டிவியில் அறிவித்தபோது அம்மா எங்களோடு உட்கார்ந்துதான் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை காபி கொடுத்துவிட்டு, "டேய், அந்த ஜாடியக் கொஞ்சம் எறக்கு" என்றாள். கடுகு வாசனையோடு இருபத்தொன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றும் நாலாக மடித்து, சந்து வழியாக நுழையும் அளவுக்கு. 14,500 ரூபாய். அதோடு கூடை நிறைய நாணயம். அதில் பத்துப் பைசாக்களும் இருந்தன. அப்பா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

"நாப்பது வருஷம் உங்கப்பா கண்ணுல காட்டாம வச்சிருந்தேன்" என்றாள். "டிவியில ஒருத்தர் வந்து கேட்டதும் குடுக்க வேண்டியதாப் போச்சு."

வங்கி வரிசையில் நாலு மணி நேரம் நின்று அவள் கணக்கில் கட்டினேன். ரசீதைக் கேட்டு வாங்கி, ஜாடியில் போட்டு, மூடியைக் கோணலாக வைத்தாள். ஜாடி மறுபடி பரண் ஏறியது. இப்போது அதில் மாசா மாசம் முதியோர் பணத்தில் எடுத்து வைக்கும் நூறு ரூபாய் விழுகிறது. எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறேன்.

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகள் வந்தாள். ஆயாவுக்கென்று அட்டைப்பெட்டியில் பஞ்சு சுற்றி நாலு பீங்கான் கப் கொண்டு வந்தாள். கையால் செய்தவையாம், ஒன்று 850 ரூபாய். தள்ளுபடி போக நாலுக்குமாக 600 ரூபாய் சேமித்ததாகச் சொன்னாள். அம்மா ஒன்றை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினாள். தரையில் வைத்தாள். கப் சின்னதாக ஒரு ஆட்டம் ஆடி நின்றது. காது சாய்ந்திருந்தது. கிளேஸில் இரண்டு ஊசித் துளைகள்.

"செகண்ட்ஸு" என்றாள்.

"இல்ல ஆயா, அதான் அழகே. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது."

"ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருந்தா உங்க தாத்தா வீட்டுக்கு எதுக்குக் கொண்டாந்திருக்கப் போறாரு?"

அந்த 412 அம்மாவை விடவில்லை. சரியாக இரண்டு நாள் கழித்து, இத்தனை வருடமும் கடைக்காரன் மிச்சம் என்று போட்டுக் கொடுத்ததையெல்லாம் கூட்டிப் பார்க்கலாம் என்றாள். கூட்டினால் ஒரு பவுன் வருமா என்று தெரிய வேண்டுமாம். வராவிட்டால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதாக உத்தேசம். எங்கள் பக்கத்தில் திருட்டு, ஏமாற்று, வராத கடன் எல்லாவற்றுக்கும் அங்கே மனு எழுதிக் கட்டுவது வழக்கம். காரியம் முடிந்ததும் ராஜினாமா கொடுத்துப் பிராதை எடுத்துவிட வேண்டும். பிராதில் என்னவென்று எழுதுவாள் என்று கற்பனை செய்து பார்த்தேன்: 'சேமித்த பணம் காணவில்லை. கடைசியாகப் பில்லின் அடியில் பார்த்தது.'

மேசை இழுப்பறையில் மூன்று வருடத்துப் பில்கள் ரப்பர் வளையம் போட்டு இருந்தன. மகன் எதையாவது பத்திரப்படுத்தியிருக்கிறானே என்று அம்மாவுக்கு ஒரு கணம் பெருமை. வளையத்தை எடுத்து முதல் பில்லை விரித்தாள். வெள்ளையாக இருந்தது. இரண்டாவதும் வெள்ளை. ஐந்தாறு பில்களில் மட்டும் நட்சத்திரக் குறிகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. சூட்டில் எழுத்து வருகிற தாள் அது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இழுப்பறைக்குள்ளேயே எழுத்து போய்விடும். பக்கத்தில் கம்பியில் குத்திய அம்மாவின் சிட்டைகளில் து.ப. 2 இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

அம்மா ஒரு பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீவ ஆரம்பித்தாள்.

"நல்ல பேப்பருடா. ரெண்டு பக்கமும் எழுதலாம்."

இந்த மாத மளிகைச் சிட்டை அதில்தான் எழுதியிருக்கிறது.